நட்சத்திரமும் மௌத்தாகுமா, சேர்?

 

பதிவு கொஞ்சம் நீளம். தராவீஹ் முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். முக்கியமாக, படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் வாசியுங்கள். இது ஒரு வரலாற்றுப் பதிவுதான். ஆனால் எம்முடைய ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறது.

போன தவணையில் ஒரு நாள். விஞ்ஞான ஆசிரியை லீவு. தரம் 8க்கு ரிலீஃப் பாடம் எடுக்க எம்மை அனுப்பினார்கள். நாம் வரலாறு படிப்பிப்பவர். "அமைதியாக வாசித்துக்கொண்டிருங்கள்" என்று சொல்லிவிட்டு, கொண்டு போன கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தோம். பின் வாங்கிலிருந்து ஒரு மகன் கையைத் தூக்கினார்.

"சேர், நட்சத்திரமும் மௌத்தாகுமா? எல்லாம் ஒரே மாதிரியா மௌத்தாகும்?"

எமக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஏன், ஜனாஸா எடுக்க நீ போகப் போறியா?" என்று கேட்டோம். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த வகுப்புக்குப் போயிருக்கிறோம். அந்தக் கை திரும்ப உயரவில்லை.

இந்த ரமழான் வருவதற்கு முந்திய சில கிழமைகளாக அந்தக் கேள்விக்கு விடை தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் 1930ஆம் ஆண்டு ஒரு கப்பலில் இருந்த 19 வயதுத் தமிழ் மாணவர் ஒருவர் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியும் ஏறத்தாழ இதேதான். எல்லா நட்சத்திரமும் ஒரே மாதிரியா முடிகிறது? அவர் கண்டுபிடித்த விடையைப் பார்த்தும் ஒரு சபை சிரித்தது. சிரிக்க வைத்தவர் அக்காலத்தின் மிகப் பெரிய வானியல் பேராசிரியர்.

முதலில் வானத்தைப் பார்ப்போம்.

எங்கள் பக்கம் வானம் பார்ப்பது லேசான வேலையில்லை. ஒரு பக்கம் துறைமுகத்து பாரந்தூக்கிகளின் வெளிச்சம், மறுபக்கம் புறக்கோட்டையின் வெளிச்சம், இப்போது தாமரைக் கோபுரமும் சேர்ந்துகொண்டது. அப்படியிருந்தும் சில நட்சத்திரங்கள் தோற்பதில்லை. இந்த நாட்களில் தராவீஹ் முடிந்து வெளியே வரும்போது தெற்குப் பக்கம் நன்றாக உயரத்தில், வெள்ளையாக, கண்ணைப் பறிப்பதுபோல் ஒன்று மின்னும். இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம் அதுதான். ஆங்கிலத்தில் சிரியஸ். அரபியில் ஷிஃரா. அல்குர்ஆனில் சூரா அந்நஜ்ம் 49ஆவது வசனத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது இதைத்தான். அக்கால அரபிகளில் சிலர் அதை வணங்கினார்கள். அந்த ஷிஃராவுக்கும் இறைவன் அல்லாஹ்வே என்று அந்த வசனம் நினைவூட்டுகிறது.

அதற்குக் கொஞ்சம் வடக்கே, சிவப்பு ஏறிய ஒரு நட்சத்திரம். எங்கள் இந்து நண்பர்களுக்கு அது திருவாதிரை. மேல்நாட்டார் சொல்லும் பீட்டல்ஜூஸ் என்ற பெயர் அரபிச் சொல் ஒன்று வாயில் சிதைந்து வந்தது. அருகே நீலவெள்ளையாக இருப்பது ரைஜல். 'ரிஜ்ல்', அதாவது கால் என்ற அரபிச் சொல். மேற்கே செம்மஞ்சளாகத் தெரியும் ரோகிணிக்கு அல்தபரான் என்று பெயர், பின்தொடர்பவன் என்று பொருள். அது கார்த்திகைக் கூட்டத்தின் பின்னால் நடக்கிறது. அந்தக் கார்த்திகைக் கூட்டத்துக்கு அரபியில் சுரையா. எங்கள் தெருக்களில் எத்தனை சுரையாக்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 10ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி போன்றோர் எழுதி வைத்த நட்சத்திர நூல்கள் வழியாகத்தான் இந்தப் பெயர்களில் பல ஐரோப்பாவுக்குப் போயின.

நிறம் வேறு வேறாக இருப்பது சும்மா இல்லை. நீலம் கடும் சூடு, வெள்ளை அதைவிடக் குறைவு, மஞ்சள் இன்னும் குறைவு, சிவப்பு எல்லாவற்றிலும் குறைவு. எங்கள் சூரியன் மஞ்சள் வகையில் அடங்கும். திருவாதிரை சிவப்புப் பேரரக்கன் வகை. அதைக் கொண்டுவந்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமியையும் தாண்டிப் பரவிவிடும்.

இனி அந்த மகன் கேட்ட கேள்விக்கு வருகிறோம். ஒரு நட்சத்திரத்துக்குள் எப்போதும் இரண்டு பலங்கள் மல்லுக்கட்டுகின்றன. அதன் சொந்தப் பாரம் உள்ளே அமுக்குகிறது. நடுவில் ஐதரசன் ஈலியமாக மாறும்போது பிறக்கும் வெப்பம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் நிலைத்து நிற்கும். சூரியன் இப்படி ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாக நிற்கிறது, இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு எரிபொருள் உண்டு. முடிந்த பிறகு? தள்ளுவதற்கு ஆள் இல்லை. அமுக்குவது மட்டும் நிற்பதில்லை.

அப்படி முடிந்துபோன ஒன்று ஷிஃராவுக்குப் பக்கத்திலேயே ஒளிந்திருந்தது. ஷிஃரா நேராகப் போகாமல் ஆடி ஆடிப் போவதைக் கவனித்த ஜெர்மனிய வானியலாளர் பெசல், கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று 1844இல் சொன்னார். 1862 ஜனவரி 31ஆம் திகதி அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் என்ற வில்லை செய்பவர் புதிய தொலைகாட்டியைச் சோதித்தபோது அந்தத் துணையைக் கண்டார். மிக மங்கலான புள்ளி. 1915இல் வால்டர் அடம்ஸ் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். எல்லோருக்கும் தலை சுற்றியது. அது மங்கலாக இருந்தாலும் சிவப்பாக இல்லை, வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் கடும் சூடு. அவ்வளவு சூடான ஒன்று இவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டுமானால் அது மிகமிகச் சிறியதாக இருக்க வேண்டும். பூமி அளவுதான். பாரமோ ஏறத்தாழ சூரியன் அளவு. அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பத்துத் தொன்னுக்கு மேல் நிறுக்கும். ஒரு லொறிச் சுமை. இப்படிப்பட்டவற்றுக்கு 1922இல் 'வெள்ளைக் குள்ளன்' என்று பெயர் வந்தது. தமிழில் வெண்குள்ளன் என்கிறோம்.

ஒரு விடயம் இடையில். ஷிஃராவும் அதன் துணையும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 50 ஆண்டுகள் எடுக்கின்றன. இதை வசன எண்களோடு கூட்டிக் கழித்து, புள்ளியும் தசமமும் போட்டு, வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிள்ளைகள் அதை எம்மிடமும் காட்டினார்கள். அல்லாஹ்வின் கலாமுக்கு எங்கள் கூட்டல் கணக்கு சாட்சியாகத் தேவையில்லை. வானத்தைப் பற்றிச் சிந்திக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது. சிந்திப்பது என்றால் மினக்கெடுவது. அனுப்பப்பட்டதை அடுத்தவருக்கு அனுப்புவதை எந்த வகையில் சேர்ப்பது என்று நீங்களே யோசியுங்கள்.

உண்மையில் மினக்கெட்டவர் ஒருவரின் கதைக்கு வருவோம்.

சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 ஒக்டோபர் 19ஆம் திகதி லாகூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். தந்தை ரயில்வே கணக்குப் பிரிவில் பெரிய உத்தியோகம், அதனால்தான் அவ்வளவு தூரத்தில் பிறப்பு. தாய் சீதாலட்சுமி, இப்சன் எழுதிய நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சித்தப்பா சேர் சி. வி. ராமன். குடும்பம் 1918இல் மெட்ராஸுக்கு வந்தது. பிள்ளை படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் பிரசிடென்சி கல்லூரியிலும்.

1928இல் ஜெர்மனியின் பெரிய பௌதிகவியலாளர் ஆர்னோல்ட் சொமர்ஃபெல்ட் மெட்ராஸுக்கு வந்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பேசினார். வயது சுமார் 18. நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் பௌதிகம் புதிதாக வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொமர்ஃபெல்ட் சொன்னார். சொல்லிவிட்டு அனுப்பிவிடவில்லை. அப்போது இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப் படியைக் கையில் கொடுத்தார். ஒரு கல்லூரி மாணவனுக்கு! அதை வைத்துப் படித்து, சில மாதங்களிலேயே சந்திரசேகர் தன் முதல் ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றை எழுதினார். 1929இல் லண்டன் ரோயல் சங்கத்தின் சஞ்சிகையில் அது வந்தது.

இந்த இடத்தை வாசித்தபோதுதான் எமக்கு அந்த ரிலீஃப் பாடம் நினைவுக்கு வந்து நெஞ்சு சுருக்கென்றது.

இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. தாய் கடும் நோயாளி. போவதா விடுவதா என்ற நிலை. மகன் தனக்காகப் பிறந்தவன் இல்லை, உலகத்துக்காகப் பிறந்தவன் என்ற கருத்தில் தாயே தைரியம் சொல்லி அனுப்பினார். 1930 ஜூலை 31ஆம் திகதி பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டே தாய் காலமானார். மகனால் திரும்பி வர முடியவில்லை. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய எங்கள் உம்மாமாருக்கு இது விளக்கமில்லாமலே விளங்கும்.

முதல் சில நாட்கள் கடல் கொந்தளிப்பு, தலைச்சுற்று. கடல் அடங்கியதும் கப்பல் தளத்தில் நாற்காலி போட்டு, கொண்டுவந்த சில புத்தகங்களோடு கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். அவற்றில் ஒன்று நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் எடிங்டன் எழுதியது. கல்லூரியில் போட்டியொன்றில் வென்றதற்குக் கிடைத்த பரிசுப் புத்தகம்.

எரிபொருள் தீர்ந்த வெண்குள்ளன் ஏன் முற்றாக நொறுங்காமல் நிற்கிறது என்பதற்கு 1926இலேயே கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபவ்லர் விடை சொல்லியிருந்தார். அதை எங்கள் மொழியில் இப்படிச் சொல்லலாம். ஜும்ஆவுக்குப் பள்ளியில் சனம் சேருகிறது. ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்க முடியாது. கீழ்த்தளம் நிரம்பினால் மேல்மாடிக்குப் போக வேண்டும், அதுவும் நிரம்பினால் அடுத்த மாடி. இலத்திரன்களும் அப்படித்தான். நெருக்க நெருக்க, பின்னால் வருபவை மேலே மேலே ஏற வேண்டும். அவற்றுக்கு மேல்மாடி என்றால் அதிக வேகம். அந்த வேகமே வெளியே தள்ளும் பலமாகிறது. சூடு ஆறிப்போனாலும் இந்தத் தள்ளல் ஆறாது. ஆகவே எல்லா நட்சத்திரமும் கடைசியில் வெண்குள்ளனாகி அமைதியாக அடங்கிவிடும் என்று பெரியவர்கள் நிம்மதியடைந்தார்கள்.

கப்பலில் இருந்த இளைஞருக்கு ஒரு சந்தேகம். பாரமான நட்சத்திரத்தில் நெருக்கம் கூடும். இலத்திரன்கள் இன்னும் வேகமெடுக்க வேண்டும். வேகத்துக்கு எல்லை இல்லையா? ஒளியின் வேகத்தை எதுவும் தாண்ட முடியாது என்று ஐன்ஸ்டைன் சொல்லியிருக்கிறாரே! அந்த எல்லையை அண்மிக்கும்போது, இன்னும் நெருக்கினாலும் தள்ளும் பலம் முன்போல் கூடாது. அமுக்கும் பலமோ கூடிக்கொண்டே போகும். கணக்கைப் போட்டுப் பார்த்தார். குறிப்பிட்ட ஓர் அளவுக்கு மேல் பாரம் இருந்தால் அது வெண்குள்ளனாக நிற்கவே முடியாது என்று வந்தது.

ஓகஸ்ட் மாதம் கப்பல் வெனிஸ் துறைமுகத்தை அடைந்தபோது, இந்தக் கருவின் முதல் வடிவம் அவருடைய தாள்களில் இருந்தது. முதலில் அச்சில் வந்த எண் சூரியனைப் போல் 0.91 மடங்கு. பின்னர் திருத்தமாகக் கணித்தபோது ஏறத்தாழ 1.4 மடங்கு. இன்றைக்கும் அதுதான் 'சந்திரசேகர் எல்லை'. வரலாறு படிப்பிப்பவர் என்ற வகையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்தோனியாவில் வில்ஹெல்ம் அண்டர்சனும் இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனரும் அதே காலத்தில் தனித்தனியாக இப்படி ஓர் எல்லை இருப்பதைத் தொட்டிருந்தார்கள். ஆனால் நட்சத்திரத்தின் முழு அமைப்பையும் எடுத்து, அதன் விளைவை விடாமல் பின்தொடர்ந்தவர் சந்திரசேகர்தான்.

கேம்பிரிட்ஜில் பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. எல்லை பற்றிய கட்டுரையை அங்கே யாரும் அவ்வளவு கணக்கெடுக்கவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு அமெரிக்கச் சஞ்சிகைக்கு அனுப்பினார். 1931இல் சில பக்கங்களில் வெளிவந்தது. 1933இல் கலாநிதிப் பட்டம், அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியில் ஃபெலோ பதவி. பிறகு எந்தக் கேள்வியும் மிஞ்சாதபடி முழுக் கணக்கையும் போட உட்கார்ந்தார்.

அந்த நாட்களில் அடிக்கடி அவருடைய அறைக்கு வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று பார்த்தவர் எடிங்டன். கையால் சுற்றும் கணக்குப் பொறி கிடைக்கவும் உதவி செய்தார். எடிங்டன் கெட்ட மனிதர் இல்லை. பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன், இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1919 சூரிய கிரகணத்தின்போது ஆபிரிக்கக் கரையோரத் தீவுக்குப் போய், ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று காட்டியவர்களில் ஒருவர். அவருக்கு முன்னால் பேச மற்றவர்கள் தயங்குவார்கள்.

1935 ஜனவரி 11. லண்டனில் ரோயல் வானியல் சங்கக் கூட்டம். சந்திரசேகருக்கு வயது 24. தன் முடிவுகளை எடுத்துச் சொன்னார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். இவ்வளவு நாள் அறைக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தவர், தன் மனதிலிருந்ததை ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்தக் கணக்கின்படி பார்த்தால் பாரமான நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி, ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்குப் போய்விடுமே என்றார். ஒரு நட்சத்திரம் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ள விடாமல் தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருக்கத்தான் வேண்டும் என்ற பொருளில் பேசினார். சபை சிரித்தது. பதில் சொல்ல சந்திரசேகருக்குச் சந்தர்ப்பம் தரப்படவில்லை. கூட்டம் முடிந்ததும் பலர் வந்து அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கவனியுங்கள். எடிங்டன் கணக்கைச் சரியாகவே விளங்கிக்கொண்டார். ஒளியும் தப்ப முடியாத அந்தப் பொருளை இன்று நாம் கருந்துளை என்கிறோம். கணக்கு எங்கே கொண்டுபோகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. அங்கே போக அவருக்கு மனம் வரவில்லை. பதில் இல்லாத இடத்தில் பகிடியை வைத்தார். நாமும் அந்த வகுப்பில் செய்தது அதுதானே.

கோபன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போரின் குழுவினருக்கும் பௌலிக்கும் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தெரியும். ஆனால் வெளிப்படையாக எழுதிச் சண்டைக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிஸில் நடந்த மாநாட்டிலும் எடிங்டன் நீண்ட நேரம் இதையே பேசினார். அங்கும் இவருக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

24 வயதுப் பிள்ளை என்ன செய்வது? கத்தவில்லை. பின்வாங்கவும் இல்லை. 1936இல் மெட்ராஸ் வந்து, கல்லூரித் தோழி லலிதாவைத் திருமணம் செய்துகொண்டு, அமெரிக்கா போனார். 1937 தொடக்கம் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வான்காணகத்தில் வேலை. அங்கேயும் தோல் நிறத்தைக் காரணம் காட்டி இவரை வளாகத்தில் படிப்பிக்க விடக்கூடாது என்று எதிர்த்த ஒரு பெரியவர் இருந்தார். பல்கலைக்கழகத் தலைவர் தலையிட்டு அதை மீறினார். 1939இல் நட்சத்திர அமைப்பைப் பற்றித் தன் முழுக் கணக்கையும் ஒரு புத்தகமாக எழுதி முடித்தார். அதன்பின் வேறு துறைக்குப் போனார். சில ஆண்டுகளுக்கு ஒரு துறை. ஒவ்வொன்றையும் அடிமுதல் படித்து, ஒரு புத்தகம் எழுதி, அடுத்ததுக்குப் போவது அவர் வழக்கமாகிவிட்டது.

எங்களுக்கு இன்னும் பெரிய பாடம் அவர் எடிங்டனை நடத்திய விதத்தில் இருக்கிறது. இருவரும் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1944இல் எடிங்டன் இறந்தபோது, அவர் தம் காலத்தின் தலைசிறந்த வானியலாளர்களில் ஒருவர் என்று சந்திரசேகர் பேசினார். எடிங்டனின் நூற்றாண்டு வந்தபோது கேம்பிரிட்ஜுக்குப் போய் அவரைப் போற்றிச் சொற்பொழிவாற்றினார். ஆசிரியர் பிழை விடலாம். அந்தப் பிழையை ஏற்றுக்கொள்ளாமலே அந்த ஆசிரியருக்கு மரியாதை செய்யலாம்.

காலம் மெல்ல மெல்ல அவர் பக்கம் வந்தது. 1967இல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வானத்திலிருந்து தவறாமல் துடிக்கும் வானொலிச் சமிக்ஞை ஒன்றைப் பிடித்தார். அது நியூத்திரன் நட்சத்திரம். எல்லையைத் தாண்டிய நடுப்பகுதி நொறுங்கினால் எஞ்சும் ஒரு வகை அது. பூமி அளவுகூட இல்லை, ஒரு நகரத்தின் அளவு. அதைவிடவும் பாரம் கூடினால் கருந்துளை. 1983 கொழும்பில் எப்படிப்பட்ட ஆண்டு என்று இந்தத் தெருக்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டின் டிசம்பரில் ஸ்டொக்ஹோமில் சந்திரசேகர் நொபெல் பரிசு பெற்றார். கப்பல் பயணத்துக்கு 53 ஆண்டுகளுக்குப் பின், 73 வயதில்.

எங்கள் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு கதையும் உண்டு.

ஹிஜ்ரி 396, அதாவது கி.பி. 1006. எகிப்தில் அலீ இப்னு ரிழ்வான் என்ற இளைஞர். ரொட்டி சுடுபவரின் மகன் என்று சொல்லப்படுகிறது. வயது ஏறத்தாழ 18. தான் படிக்கத் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில், வானத்தில் திடீரென்று ஒரு புதிய நட்சத்திரம் தோன்றியதைக் கண்டார். பிற்காலத்தில் பெரிய வைத்தியராகி நூல் எழுதும்போது அதைக் கவனமாகப் பதிந்து வைத்தார். வெள்ளிக் கிரகத்தைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தது, நிலவின் ஒளியில் காற்பங்குக்கும் மேல் வெளிச்சம் தந்தது, எந்தக் கிரகம் எந்த ராசியில் அப்போது நின்றது என்றெல்லாம் எழுதினார். மனித வரலாற்றில் பதிவான மிகப் பிரகாசமான நட்சத்திர வெடிப்பு அதுதான்.

வெடித்தது என்ன தெரியுமா? ஒரு வெண்குள்ளன். தனியாக இருக்கும் வெண்குள்ளன் அமைதியாக ஆறிப்போகும். பக்கத்தில் துணை நட்சத்திரம் இருந்து, அதிலிருந்து பொருளை இழுத்து இழுத்துப் பாரம் கூடினாலோ, இரண்டு வெண்குள்ளன்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டாலோ, முழுவதும் வெடித்துச் சிதறும். கப்பலில் போட்ட கணக்கில் வந்த அந்த எல்லை இங்கேயும் வந்து நிற்கிறது.

1054இல் இன்னொரு வெடிப்பு. சீனர்கள் அதை எழுதி வைத்தார்கள். பக்தாத் வைத்தியர் இப்னு புத்லான் எழுதிய குறிப்பொன்றையும் ஆய்வாளர்கள் அதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அது பாரமான நட்சத்திரம் ஒன்றின் முடிவு. அதன் நடுவில் இப்போது நியூத்திரன் நட்சத்திரம் ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது.

சந்திரசேகர் 1995இல் காலமானார். 1999 ஜூலையில் அமெரிக்காவின் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ் கதிர் தொலைகாட்டிக்கு அவர் பெயரைச் சுருக்கி 'சந்திரா' என்று வைத்தார்கள். அந்தத் தொலைகாட்டி எடுத்த படங்களில் ஒன்று, 1006இல் இப்னு ரிழ்வான் கண்ட வெடிப்பின் மிச்சத்தினுடையது. உருண்டையாக விரிந்துகொண்டிருக்கும் ஒரு குமிழ். எகிப்திய மாணவர் கண்ணால் கண்டதைத் தமிழ் மாணவர் பெயர் தாங்கிய கருவி ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பார்த்தது.

ஆகவே மகனே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஆம், நட்சத்திரமும் மௌத்தாகும். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பாரம்தான் தீர்மானிக்கிறது. எங்கள் சூரியன் முதலில் ஊதிச் சிவப்பாகி, வெளித்தோலை உதறி, வெண்குள்ளனாகி, கோடிக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறும். திருவாதிரை வெடிக்கும், எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. அதைவிடப் பாரமானவை சில கருந்துளையாகும். எல்லாம் அல்லாஹ் விதித்த கணக்கின்படி.

ரமழான் விடுமுறைக்கு முந்திய கிழமை இதை அந்த வகுப்பில் சொன்னோம். முதலில், "அன்றைக்கு உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்குச் சேருக்குப் பதில் தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் சிரித்தோம். மாஃப் கேட்கிறோம்" என்று சொன்னோம். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். அந்த மகன் மேசையைப் பார்த்தபடியே இருந்தார். மணி அடித்து எல்லோரும் வெளியே போன பிறகு கிட்ட வந்தார்.

"சேர், அந்தக் கப்பல்ல அவருக்கு யாரு சொல்லிக் குடுத்த?"

"யாரும் இல்ல மகன். கையில கொஞ்சம் புத்தகம் இருந்தது. அதுக்கு முதல் ஒரு பெரிய மனுஷன் அவரோட மரியாதையாப் பேசியிருந்தார்."

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை விசித்திரமாக ஏதாவது கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். சேர்ந்து தேடலாம் என்று சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம். இது எமக்கும் சேர்த்து எழுதியது.

கொழும்பு 7இல் 1965இல் கட்டிய கோளரங்கம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு தடவையாவது கூட்டிப் போங்கள். பெருநாள் கழிந்து எங்கள் வகுப்பையும் கூட்டிப் போக எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். வாகனச் செலவுக்கு உதவ விரும்புவோர் இன்பொக்ஸில் பேசுங்கள். அதுவரை, இந்த வெள்ளிக்கிழமை தராவீஹ் முடிந்ததும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஷிஃராவைக் காட்டுவோம். யாரும் வரலாம், எந்தச் சமயத்தவரும் வரலாம். கஞ்சியும் சமோசாவும் மிச்சம் இருக்கும்.

வஸ்ஸலாம்.